ஹேமக்கை இழுத்துக் கட்டினால் 70 கிலோ 400 கிலோ ஆகும்: எப்படி?

ஹேமக் ஆர்டர் செய்பவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பார்கள்: என்ன கலர், எத்தனை கிலோ தாங்கும், எத்தனை ஸ்டார் ரேட்டிங். பார்சலைப் பிரித்தால் பாராசூட் துணி மாதிரி ஒரு நைலான் துணி, இரண்டு கயிறு, இரண்டு கொக்கி. வார இறுதியில் ஏற்காட்டுக்கோ ஏலகிரிக்கோ கொண்டுபோய், இரண்டு மரங்களுக்கு நடுவே நன்றாக இழுத்து, கட்டில் மாதிரி சமமாகக் கட்டிவிடுவார்கள். படுத்தால் இரண்டு பக்கத் துணியும் எழும்பி ஆளைச் சுருட்டிக்கொள்ளும். தோள்பட்டை நெருங்கும், முழங்கால் பின்பக்கமாக வளையும், புரண்டால் கவிழ்த்துவிடும். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இதெல்லாம் நமக்கு செட் ஆகாதுப்பா” என்று மடித்து வைத்துவிடுவார்கள்.

பழி துணி மேல் விழுகிறது. ஆனால், பெரும்பாலும் சிக்கல் துணியில் இல்லை. துணியை மரத்தோடு இணைக்கும் கட்டில் இருக்கிறது. கயிறோ ஸ்ட்ராப்போ, கொக்கி, அவற்றைக் கட்டும் உயரம், கோணம் எல்லாம் சேர்ந்ததைத்தான் ஹேமக் பிரியர்கள் ‘சஸ்பென்ஷன்’ என்கிறார்கள். தூக்கம் வருமா வராதா என்பதை மட்டுமல்ல, கட்டிய இடம் தாங்குமா பிடுங்கிக்கொண்டு வருமா என்பதையும் முடிவு செய்வது அதுதான்.

கொடிக்கயிறு சொல்லும் கணக்கு

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துப் பாருங்கள். தொய்வாக இருக்கும்போது நனைந்த போர்வையைப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. “தொங்குதே” என்று இழுத்து விறைப்பாகக் கட்டிவிட்டு அதே போர்வையைப் போட்டால், சுவரில் அடித்த ஆணி ஆட்டம் காணும். போர்வையின் எடை மாறவில்லை. கயிற்றின் கோணம்தான் மாறியிருக்கிறது.

ஹேமக்கிலும் இதேதான். ஸ்ட்ராப் தரைமட்டத்துக்கு இணையான கோட்டிலிருந்து எத்தனை டிகிரி சரிந்து இறங்குகிறது என்பதை வைத்து, ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு இழுவிசை என்று கணக்கிடலாம். படுத்திருப்பவர் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி சரிவில் கட்டினால் ஒவ்வொரு ஸ்ட்ராப்பிலும் சரியாக 70 கிலோ இழுவிசை. 15 டிகிரி என்றால் 135 கிலோ. 10 டிகிரிக்கு 200 கிலோவைத் தாண்டிவிடும். ‘நல்லா டைட்டா’ கட்டி 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 400 கிலோ! ஆள் சும்மா படுத்திருக்கும்போதே இந்த நிலை. தொப்பென்று உட்கார்ந்தால் அந்த நொடியில் இது இரண்டு மடங்கு வரைகூடப் போகலாம்.

பாக்கெட்டில் ‘180 கிலோ தாங்கும்’ என்று போட்டிருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். தொய்வாகக் கட்டினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். இழுத்துக் கட்டினால் அது வெறும் அச்சடித்த எண்.

தூளிக்கும் ஹேமக்குக்கும் ஒரு முக்கிய வித்தியாசம்

“நம்ம வீட்ல தூளி கட்டாததா? உத்திரத்துல கட்டி மூணு தலைமுறை தூங்கியிருக்கு” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், தூளியில் புடவையின் இரண்டு முனைகளும் மேலே ஒரே இடத்தில் சேர்கின்றன. குழந்தையின் எடை நேர் கீழே இறங்குகிறது. உத்திரம் அந்த எடையை மட்டும் தாங்கினால் போதும். ஹேமக் இரண்டு பக்கங்களையும் ஒன்றை நோக்கி ஒன்றாக, பக்கவாட்டில் இழுக்கிறது. 30 டிகிரியில்கூட 70 கிலோ ஆள் ஒவ்வொரு மரத்தையும் பக்கவாட்டில் 60 கிலோ விசையுடன் இழுக்கிறார். 5 டிகிரியில் ஏறக்குறைய முழு 400 கிலோவும் பக்கவாட்டு இழுப்புதான்.

மரத்துக்கு இது பெரிய விஷயமில்லை. காற்றில் ஆடி ஆடியே வளர்ந்தது அது. செங்கல் தூணுக்குத்தான் ஆபத்து. மேலிருந்து அழுத்தும் எடையைச் செங்கல் எவ்வளவு வேண்டுமானாலும் சுமக்கும். பக்கத்திலிருந்து இழுத்தால் அடுக்கு அடுக்காகச் சரிந்துவிடும். 2020-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், செங்கல் தூணில் கட்டியிருந்த ஹேமக்கில் இருந்த இரண்டு சிறுமிகள், தூண் சரிந்து விழுந்ததில் இறந்துபோனார்கள்.

அதனால், அபார்ட்மென்ட் பால்கனியில் ஹேமக் கட்டும் ஆசை இருந்தால் முதலில் எதில் கட்டப்போகிறீர்கள் என்று பாருங்கள். ஜன்னல் கிரில், பால்கனி கைப்பிடிக் கம்பி, கேட்டுக்குப் பக்கத்துச் செங்கல் தூண், கைப்பிடிச் சுவரின் மேல் தனியாக நிற்கும் அலங்காரத் தூண் எதுவும் இதற்கானதல்ல. பூச்சுக்குப் பின்னால் கான்கிரீட்டா செங்கலா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட் தூண் என்று உறுதியாகத் தெரிந்தால், அதில் ஆங்கர் போல்ட் அடிக்கத் தெரிந்தவரை வைத்துச் செய்யலாம். இல்லையென்றால் தனியாக ஸ்டாண்ட் வாங்கிக்கொள்வதே மேல். இன்னொரு வழி, ஒரே புள்ளியில் தொங்கும் ஊஞ்சல் நாற்காலி. அது தூளி மாதிரி நேர் கீழே இழுக்கும் ரகம். கான்கிரீட் கூரையில் முறையாகப் பதித்த கொக்கி இருந்தால் போதும்.

எந்த சஸ்பென்ஷனை வாங்குவது?

பார்சலில் வரும் நைலான் கயிற்றை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். கொடி கட்ட உதவும். நைலான் எடை ஏற ஏற நீளும். நனைந்தால் இன்னும் நீளும். இரவு பத்து மணிக்கு முழங்கால் உயரத்தில் படுத்தவர், விடியும்போது தரையில் உரசிக்கொண்டிருப்பார். அதோடு, மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். பட்டைக்கு அடியில்தான் இலைகள் தயாரித்த உணவு கீழே இறங்கும் பாதை இருக்கிறது. ஒரே மரத்தில் வாரம்தோறும் நான்கு பேர் கயிறு கட்டினால் அந்தப் பாதையே வெட்டுப்படும். நிறைய முகாம் தளங்களில் ‘மரத்தில் கயிறு கட்டாதீர்கள்’ என்று சொல்வது இதனால்தான்.

வேண்டியது பட்டையான பாலியஸ்டர் ஸ்ட்ராப். குறைந்தது ஓர் அங்குல அகலம். பட்டை மெல்லிய மரங்களுக்கு இரண்டு அங்குலம் இருந்தால் நல்லது. பாலியஸ்டர் நைலான் அளவுக்கு நீளாது. வாங்கும்போது விளம்பரத்தில் ‘ஹெவி டியூட்டி’ என்று எத்தனை முறை எழுதியிருக்கிறது என்று எண்ணாமல், எந்த நூலில் செய்தது என்று தேடிப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, வரிசையாக வளையங்கள் தைத்த ‘டெய்சி செயின்’ ஸ்ட்ராப்தான் என் பரிந்துரை. ஒரு முனையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையின் வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் மரம் ரெடி. ஹேமக்கின் காராபைனரை வேண்டிய வளையத்தில் மாட்டினால் வேலை முடிந்தது. முடிச்சுப் போடத் தெரிய வேண்டியதில்லை, இருட்டிலும் மாட்டலாம். குறை ஒன்று உண்டு. வளையங்களுக்கு இடையே இடைவெளி இருப்பதால் ஒன்றில் மாட்டினால் கொஞ்சம் தொய்வு, அடுத்ததில் மாட்டினால் விறைப்பு என்று வரும். அப்போது தொய்வான வளையத்தையே எடுத்துக்கொண்டு, மரத்தில் ஸ்ட்ராப்பைச் சற்று மேலே ஏற்றிவிடுங்கள். ஜோடி 300 கிராம் வரை எடை இருக்கும். பைக்கிலோ காரிலோ போகிறவர்களுக்கு அது ஒரு எடையே இல்லை.

அடிக்கடி போய் இரவு தங்குபவர் என்றால் ‘சின்ச் பக்கிள்’ பிடிக்கும். ஸ்கூல் பேக் வாரை இழுத்து ஏற்றி இறக்குவது போல, ஒரு உலோக பக்கிள் வழியாக ஸ்ட்ராப்பை இழுத்து நீளத்தை இஷ்டப்படி மாற்றலாம். வளையக் கணக்கு கிடையாது. ஆனால், பக்கிளும் ஸ்ட்ராப்பும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருக்க வேண்டும். வழுவழுப்பான, மெல்லிய ஸ்ட்ராப்பைப் போட்டால் நடுராத்திரியில் மெதுவாக நழுவும். பக்கிளைத் தாண்டித் தொங்கும் வாலை வைத்து ஒரு அரை முடிச்சு போட்டுவைப்பது பழகிய கைகளின் வழக்கம்.

‘வூப்பி ஸ்லிங்’ என்று ஒன்றும் உண்டு. டைனீமா எனப்படும், பார்ப்பதற்கு ஷூ லேஸ் மாதிரியான கயிற்றைத் தன் வயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் பின்னிய சுருக்கு. 3 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனிலேயே 700 கிலோ அளவுக்கு இழுத்தால்தான் அறும் ரகங்கள் இருக்கின்றன. எடை சில பத்து கிராம்தான். ஆனால், வழுக்கும் கயிறு என்பதால் சாதாரண முடிச்சு இதில் நிற்காது. மரத்தில் நேரடியாகக் கட்டவும் கூடாது. அதற்குத் தனியாக ஒரு பட்டை வேண்டும். முதுகில் எல்லாவற்றையும் சுமந்து நாள்கணக்கில் நடப்பவர்களுக்கு இது வரம். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

எதை வாங்கினாலும் காராபைனரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்லதில் எத்தனை கிலோ நியூட்டன் தாங்கும் என்று பொறித்திருக்கும். 1 கிலோ நியூட்டன் என்றால் தோராயமாக 100 கிலோ இழுவிசை. ஹேமக்குக்கு 12 என்று இருந்தால் தாராளம். ஒன்றும் பொறிக்காத, சாவிக்கொத்தில் மாட்டும் அலங்கார ரகத்தை நம்பி ஏறாதீர்கள்.

சரி, எவ்வளவு உயரத்தில் கட்டுறது?

இலக்கு 30 டிகிரி. அதை அளக்க ரசமட்டம் எல்லாம் தேவையில்லை. கட்டைவிரலை மேலே நீட்டி, ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். ‘ட’ எழுத்து மாதிரி வரும். ஆள்காட்டி விரல் தரைக்கு இணையாக ஹேமக் பக்கம் காட்ட வேண்டும், கட்டைவிரல் மரத்துப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். கட்டைவிரல் நுனியிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிக்கு ஒரு கோடு போட்டால் அது ஏறக்குறைய 30 டிகிரி சரிவு. ஸ்ட்ராப்பை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லையா, கையில் போன் இருக்கிறது. லெவல் பார்க்கும் ஆப்பைத் திறந்து, போனின் ஓரத்தை ஸ்ட்ராப்பின் மேல் வைத்தால் டிகிரியைக் காட்டிவிடும். ஆள் படுத்திருக்கும்போது அளக்க வேண்டும் என்பது முக்கியம். ஒருவர் படுக்க, இன்னொருவர் பார்க்கட்டும்.

மரங்களுக்கு இடையே 12 முதல் 15 அடி இருந்தால் வேலை எளிது. 11 அடி நீள ஹேமக்கை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தால் நாற்காலி உயரம், அதாவது தரையிலிருந்து ஒன்றரை அடி வர வேண்டும் என்று கணக்குப் போட்டால், மரங்களுக்கு இடையே 12 அடி இருக்கும்போது ஸ்ட்ராப்பை ஐந்தேகால் அடி உயரத்தில் கட்ட வேண்டியிருக்கும். 14 அடிக்கு 6 அடி உயரம். 18 அடி இடைவெளி என்றால் 7 அடிக்குப் போக வேண்டும். குட்டையானவர்கள் கல் மேல் ஏறித்தான் கட்டணும். இடைவெளி கூடக் கூட உயரமும் கூட வேண்டும் என்பதுதான் இதில் பலருக்கும் பிடிபடாத விஷயம். தூரமான மரங்களில் இடுப்பு உயரத்தில் கட்டிவிட்டு, தரையைத் தொடாமல் இருக்க இழுத்து இழுத்து விறைப்பாக்குவார்கள். 400 கிலோ கணக்கு தொடங்குவது அங்கேதான்.

மரம் பருமனாக இருந்தால் ஸ்ட்ராப்பின் நீளத்தையும் யோசியுங்கள். கடைகளில் கிடைக்கும் பல ஸ்ட்ராப்கள் 9 அடி, அதாவது 2.7 மீட்டர். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள தூங்குமூஞ்சி மரத்தில் (பெயரிலேயே அழைப்பு இருக்கிறது!) சுற்றினால் 1.9 மீட்டர் மரத்துக்கே போய்விடும். மிச்சமிருக்கும் 80 சென்டிமீட்டர் 14 அடி இடைவெளிக்குப் போதாது. பெரிய மரங்கள் உள்ள தோப்புக்குப் போகிறீர்கள் என்றால் நீள ஸ்ட்ராப்பாக வாங்குங்கள்.

தொய்வாகக் கட்டினால் வாழைப்பழம் மாதிரி வளைந்துதானே கிடக்கணும் என்று தோன்றும். நேர்கோட்டில் படுத்தால் அப்படித்தான். கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகளும் மெக்சிகோ, பிரேசில் மக்களும் அதில் குறுக்காகப் படுப்பார்கள். தலையை நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம், காலை எதிர்ப்பக்கம் தள்ளி மூலைவிட்டமாகப் படுத்துப் பாருங்கள். துணி விரிந்து முதுகு கிட்டத்தட்ட சமமாகிவிடும். துணியில் தொய்வு இருந்தால்தான் இப்படிக் குறுக்காகப் படுக்க இடம் கிடைக்கும். இறுகிய துணி உங்களை நடுவில் போட்டுச் சுருட்டவே செய்யும். இரவில் கால் பக்கம் சரிந்துபோகிறது என்றால் கால் பக்க ஸ்ட்ராப்பை மரத்தில் அரை அடி முதல் ஓரடி வரை ஏற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் தொய்வை அளந்துகொண்டிருக்கச் சலிப்பாக இருந்தால், ஹேமக்கின் இரண்டு முனைகளையும் நேராக இணைக்கும் ‘ரிட்ஜ்லைன்’ கயிறு ஒன்றைப் போட்டுவிடலாம். ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது பலரும் தொடங்கும் அளவு. 11 அடி ஹேமக்குக்குச் சுமார் 9 அடி. அதன்பின் எந்த மரத்தில் கட்டினாலும் துணியின் வளைவு மாறாது. நீங்கள் படுத்திருக்கும்போது அந்தக் கயிற்றை இரு விரலால் பிடித்து வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்தால் சரி. வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் ஸ்ட்ராப்பைத் தளர்த்துங்கள்.

மரத்தை அண்ணாந்து பாருங்கள்

தொடையைவிடப் பருமனான, உயிருள்ள, நேராக நிற்கும் மரம் வேண்டும். அடியில் கரையான் புற்று, தண்டில் பொந்து, பட்டையில் காளான் இருந்தால் அடுத்த மரத்துக்குப் போங்கள். முருங்கை எவ்வளவு பருமனாக இருந்தாலும் வேண்டாம். அதன் குணம் ஊருக்கே தெரியும். வாழை, பப்பாளி மரக்கணக்கிலேயே வராது. யூகலிப்டஸ் தண்டு உறுதியானதுதான், ஆனால் காற்றில்லாத நேரத்தில்கூடக் கிளையை உதிர்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. கட்டுவதற்கு முன் மேலே காய்ந்த கிளை ஏதாவது சிக்கித் தொங்குகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தென்னை? இன்ஸ்டாகிராம் முழுக்கத் தென்னைதான். தண்டு நன்றாகத் தாங்கும். வழுவழுப்பான தண்டில் ஸ்ட்ராப் இறங்கிவிடாமல் இரண்டு சுற்று சுற்ற வேண்டும், அவ்வளவுதான். பிரச்சினை மேலே இருக்கிறது. காய் பறிக்காத மரத்தின் அடியில் தலையை வைத்துத் தூங்காதீர்கள். காய்ந்த மட்டை விழுந்தாலும் அடி சாதாரணமாக இருக்காது. தோப்புக்காரரிடம் எப்போது காய் வெட்டினார்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டலாம். தமிழகத்தின் காப்புக்காடுகளில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம் என்பதால், தனியார் தோட்டமோ முகாம் தளமோதான் ஹேமக்குக்கு இடம். அங்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பட்டை மெல்லிய மரம் என்றால் ஸ்ட்ராப்புக்கு அடியில் ஒரு கோணித் துண்டைக் கொடுத்துக் கட்டினால் தோட்டக்காரர் முகமும் மலரும்.

கட்டி முடித்ததும் ஒரேயடியாகப் படுத்துவிடாதீர்கள். முதலில் இரண்டு கையாலும் துணியை அழுத்திப் பாருங்கள். பிறகு நடுவில் மெதுவாக உட்கார்ந்து, ஒரு நிமிடம் இருந்து, எழுந்து, ஸ்ட்ராப் இறங்கியிருந்தால் சரிசெய்யுங்கள். புது ஸ்ட்ராப் முதல் இரவில் கொஞ்சம் இறங்கவே செய்யும். ஒன்றரை அடிக்கு மேல் உயரமாகக் கட்டாதீர்கள், அடியில் பாறையோ வெட்டிய வேரோ இருக்கக் கூடாது. போட்டோவுக்காக ஒரே மரஜோடியில் ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு ஹேமக் கட்டுவது வேண்டவே வேண்டாம். மேலே இருப்பவர் விழுந்தால் கீழே இருப்பவர் மேல்தான் விழுவார், மரத்தின் மேல் இழுப்பும் நான்கு மடங்கு.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை வரும். மேலே தார்ப்பாய் கட்டியிருந்தும் நடுராத்திரியில் முதுகு நனையும். மரத்தில் வழியும் தண்ணீர் ஸ்ட்ராப் வழியாக இறங்கி நேராகத் துணிக்குள் வந்துவிடுவதுதான் காரணம். தார்ப்பாய்க்குக் கீழே, ஹேமக்கின் முனைக்குச் சற்று முன்னால், ஸ்ட்ராப்பில் ஒரு சாண் பருத்தி நூலையோ பழைய ஷூ லேஸையோ கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு தரைக்குப் போய்விடும்.

ஊருக்குக் கிளம்பும்போது ஈர ஸ்ட்ராப்பை அப்படியே பையில் திணிக்காமல், வீட்டுக்கு வந்ததும் நிழலில் உலர்த்துங்கள். வெயில் இந்த நூலை மெல்ல மெல்ல வலுவிழக்கச் செய்யும். மாடியில் மாதக்கணக்காகக் கட்டியே விட்டிருந்த ஸ்ட்ராப் பார்க்க நன்றாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியதுதான். உலர்த்தும்போது முழு நீளத்தையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். வளையத் தையல் பிரிந்திருந்தாலோ, ஓரம் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தாலோ அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது ஜோடி வாங்குங்கள். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் பட்ட வெயிலும் தாங்கிய எடையும் ஒன்றுதான்.